அது வேறு முடியாது

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை செய்த இடத்தில் வைத்த பெயர் ‘முடியாது’. கேலிக்கு வைத்ததுதான், பிறகு அதுவே நின்றுவிட்டது. முடியாது வந்துட்டாரா, முடியாது சாப்பிடப் போயிருக்காரு, முடியாதுகிட்ட கேட்டுக்கோ என்றுதான் அங்கே பேச்சு. புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் அதை அவருடைய சொந்தப் பெயர் என்றே நம்பி, ஒரு மாதம் ‘முடியாது சார், வணக்கம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தானாம். அத்தானும் திருத்தவில்லை. பதிலுக்கு வணக்கம் வைத்திருக்கிறார்.

கிரேன் ஓட்டுவது அவர் தொழில். இரும்புக் குழாயும் தகடும் வந்து இறங்கும் பெரிய யார்டு ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டினார். நாற்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு நாற்காலி, நாலு கைப்பிடி. அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. கீழே சூப்பர்வைசர் நிற்கலாம், மேனேஜர் நிற்கலாம், முதலாளியே வந்து நிற்கலாம்; ஒரு சுமையைத் தூக்கலாமா வேண்டாமா என்று கடைசியாகச் சொல்கிறவன் கிரேன்காரன். அவன் முடியாது என்றால் அந்தச் சுமை தரையை விட்டுக் கிளம்பாது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஓட்டுநர்கள் இந்த உரிமையைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். அத்தான் தினமும் எடுத்துப் புழங்கினார். காற்று வேகம் ஏறினால் முடியாது. சங்கிலியில் ஒரு கண்ணி முறுக்கிக்கொண்டிருந்தால் முடியாது. கீழே ஒருத்தன் தலைக்கவசம் இல்லாமல் நின்றால் முடியாது. அவன் போய்த் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வரும்வரைக்கும் மேலே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் மேனேஜர் லாரி காத்திருக்கிறது என்று கத்தோ கத்து என்று கத்தியிருக்கிறார். அத்தான் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏணி இறங்கி, டீ குடிக்கப் போய்விட்டார். அதற்குள் யாரோ சுமை தூக்கும் கம்பி வடத்தைப் பிரித்துப் பார்த்தால் எட்டு புரியில் அஞ்சு அறுந்து கிடக்கிறது. தூக்கியிருந்தால் கீழே நின்ற ஆறு பேரும் அன்றைக்கே போயிருப்பார்கள். அதற்குப் பிறகும் பெயர் அதேதான், கூப்பிடுகிற குரல்தான் மாறியது.

காரணத்தைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். காரணம் சொன்னால் எதிராளி அதோடு வாதாடுவான், முடியாது என்று மட்டும் சொன்னால் வாதாட ஒன்றும் இருக்காது என்பார். என் அக்கா விடமாட்டாள். அவள் துணி தைத்துத் திருத்திக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தவள், நாக்கிலும் கத்தரிக்கோல் வைத்திருந்தாள்.

“என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டப்பவும் முதல்ல முடியாதுன்னுதான்டா சொன்னாரு. அப்புறம் காத்து நின்னுருச்சு போல.”

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாடிப்படி ஏறியதும் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, நின்றுகொண்டு சமைக்க மட்டும் இடமுள்ள அடுப்படி. நான் ரெண்டு தெரு தள்ளி மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கையெழுத்து நன்றாக இருக்காது, விஷயம் சரியாக இருக்கும்.

அக்கா அடுப்படியில் விழுந்தபோது அவளுக்கு நாற்பத்தொன்பது. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று, கத்தரிக்கோல் மாதிரி பேசியவளுக்கு ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. ‘அதான்’. பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். நமக்குத்தான் எல்லாம் ஒன்று. அத்தானுக்கு ஒவ்வொரு அதானும் வேறே. அதானை இழுத்தால் தண்ணீர், வெட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும், மூக்கால் சொன்னால் என் தம்பி வந்து நெடுநேரம் ஆகிறது, கிளம்பச் சொல்லுங்க. இப்படி அவர் எனக்கு மொழிபெயர்ப்பார். கடைசியாகச் சொன்னது மட்டும் அவராகச் சேர்த்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அவள் வீட்டுக்கு வந்த வாரமே அத்தான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. அந்த வருஷத்து மருத்துவச் சோதனையில் கண், காது, இதயம், கைப்பிடி எல்லாவற்றிலும் முதல் தரம் என்று சீட்டு வாங்கியிருந்தவர். இன்னும் ஏழு வருஷம் ஓட்டியிருக்கலாம். மேனேஜர் கூப்பிட்டு, திடமாக இருக்கிற ஆள் எதற்கு வீட்டில் உட்கார வேண்டும் என்று கேட்டாராம். திடமாக இருக்கிறதால்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். அதுவரைக்கும் அவர் காரணம் சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்க அலுவலகம் ஒன்று உதவியது. ஏற்றி இறக்கும் கட்டில், சக்கர நாற்காலி, வாரம் ஒருமுறை நர்ஸ். பதிலுக்கு அத்தான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். பார்த்துக்கொள்பவர் முழு உடல்தகுதி உள்ளவராக இருக்க வேண்டும், நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும், இல்லையேல் நோயாளியை அலுவலகம் தன் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றும். அவருக்கு அதில் என்ன கஷ்டம்? சிரித்துக்கொண்டே போட்டார்.

அவர் அக்காவைத் தூக்குவதை உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு கையை முதுகுக்குக் கீழே, ஒரு கையை முழங்காலுக்குக் கீழே கொடுப்பார். ஒரு சாண் மட்டும் தூக்குவார். அப்படியே நிறுத்துவார். ஆடுகிறதா, எங்கேயாவது இழுக்கிறதா என்று பார்ப்பார். அக்கா ‘அதான்’ என்பாள். அதற்கப்புறம்தான் நகர்த்துவார். இது கிரேன் வேலை. எந்தச் சுமையையும் முதலில் ஒரு சாண் எடுத்து நிறுத்திப் பார்க்காமல் அவர் நகர்த்தியதே இல்லை. நர்ஸ்கூட, இத்தனை வருஷத்தில் இப்படித் தூக்கும் ஆளைப் பார்த்ததில்லை என்று சொன்னாள். ஒரு வருஷத்தில் அக்கா எழுந்து நின்றாள். ஒன்றரை வருஷத்தில் கட்டிலிலிருந்து சன்னல் வரைக்கும் பதினோரு எட்டு நடந்தாள். அத்தான் எதிரே பின்பக்கமாக நடப்பார், ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தொடாமல். சன்னலுக்கு வந்ததும் தெருவில் போகிறவர்களையெல்லாம் அவள் அதான் அதான் என்று திட்டுவாள். அது திட்டுதான் என்று எனக்கே புரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கடிதம் வந்தது.

யாரோ ஒரு உதவி மையம் என்று போட்டிருந்தது. அரசாங்கம் இல்லை, தனியார். அறுபது வயதுக்கு முன்னால் ஓய்வு வாங்கியவர்களின் பட்டியல் எப்படியோ அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. சீக்கிரம் ஓய்வு வாங்கினவன் உடம்பு கெட்டுத்தான் வாங்கியிருப்பான் என்று அவர்கள் கணக்கு. ‘பணியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்ற தாங்கள் உடல் இயலாமை உதவித்தொகை பெறத் தகுதி உடையவராக இருக்கலாம். எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம்’ என்று அச்சடித்திருந்தது. சிரிக்கும் ஒரு கிழவர் படமும் உண்டு, கையில் ஊன்றுகோல்.

யார்டில் அத்தானைப் போலச் சீக்கிரம் ஓய்வு வாங்கிய அத்தனை பேருக்கும் வந்திருக்கிறது. நெட்டையாக இருப்பார் என்று கொக்கு என்ற பெயர் வாங்கிய இன்னொரு கிரேன்காரர் என் கடைக்கு வந்து சொன்னார்:

“எனக்கு இடுப்பு போயிருச்சாம்பா. லெட்டர் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுவரைக்கும் சைக்கிள்ல போயிட்டு இருந்தேன்.”

அவர் எழுதிப் போட்டு, ஒரு டாக்டரிடம் நொண்டிக் காட்டி, உதவித்தொகையும் வாங்கினார். அத்தான் முதல் கடிதத்தை எண்ணெய்க் குப்பிக்கு அடியில் வைத்தார். இரண்டாவதை, சன்னல் கதவு ஆடாமல் இருக்க மடித்துச் செருகினார். மூன்றாவதற்கும் பதில் இல்லை என்றதும் போன் பண்ணினார்கள்.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அடுப்படிப் புகைபோக்கி விசிறியைக் கழற்றிக்கொண்டு ஸ்டூல் மேலே நின்றிருந்தேன். அத்தான் அக்காவுக்குச் சோறு மசித்து ஊட்டிக்கொண்டிருந்தார், கையெல்லாம் சோறு. போனை ஒரு விரலால் தட்டி, சத்தமாகப் பேசும்படி வைத்துக் கட்டிலில் போட்டார். ஒரு பெண் பேசினாள். நல்ல மரியாதையான குரல். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று முதலிலேயே சொன்னாள், அதையும் நான் கேட்டேன்.

“சார், நீங்க முன்னாடி பாத்த வேலையை இப்ப செய்ய முடியுமா?”

“முடியாது.”

“வேற ஏதாவது லேசான வேலை?”

“முடியாதும்மா.”

“ஒரு தடவை எங்க ஆபீசுக்கு நேர்ல வந்துட்டுப் போக முடியுமா சார்?”

“முடியவே முடியாது.”

வீட்டை விட்டு எவ்வளவு நேரம் வெளியே இருக்க முடியும் என்று கேட்டாள். அரைமணிகூட முடியாது என்றார். ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டாள். எங்கே தூங்க விடுகிறது என்றார். குனிந்து நிமிர்கிற வேலை உண்டா என்று கேட்டாள். நாள் பூரா அதுதான், இடுப்பு ஒடிகிறது என்றார். ஒன்றுகூடப் பொய் இல்லை. எல்லாம் அக்காவை வைத்துச் சொன்னது. அக்காவைப் பற்றி அந்தப் பெண் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. காரணம் சொன்னால் வாதாடுவார்களே.

நான் ஸ்டூலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முடியாதுக்கும் அக்கா ஒரு அதான் போட்டாள். அவளுக்கும் சிரிப்பு, வாயிலிருந்த சோறு ஒழுகியது. கடைசியாக அந்தப் பெண் கேட்டாள்:

“அப்ப இதை நாங்க மேல அனுப்பலாமா சார்?”

“எங்க வேணும்னாலும் அனுப்பிக்கோ தாயி. ஆளை விடு.”

போனை முழங்கையால் அணைத்தார். நறுக்கென்று சொன்னீங்க அத்தான் என்று நான் வேறே பாராட்டினேன். மூன்று பேரும் அன்றைக்கு நன்றாகச் சிரித்தோம். அந்த வீட்டில் மூன்று பேராகச் சிரித்தது அதுதான் கடைசி.

அந்தப் பெண் சொன்னபடி மேலே அனுப்பிவிட்டாள். மேலே இருந்தவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். வேலை செய்ய முடியாது, வெளியே வர முடியாது, தூக்கம் இல்லை, இடுப்பு ஒடிகிறது, விண்ணப்பத்தை அனுப்பச் சம்மதம். வெளியே வர முடியாதவரை டாக்டர் நேரில் பார்க்கத் தேவையில்லை என்பது விதி. மூன்று மாதம் கழித்து ஒரு தடித்த உறை வந்தது. அதே ஊன்றுகோல் கிழவர் ஆட்கள்தான் என்று நினைத்து அத்தான் பிரிக்காமலே மற்றவற்றோடு வைத்துவிட்டார். உள்ளே ஒரு அட்டை இருந்தது. அதில், ஓய்வூதியக் கோப்பிலிருந்து எடுத்த அவர் படத்துக்குக் கீழே ‘இயலாதவர், இரண்டாம் வகை’ என்று அச்சடித்திருந்தது. ஓய்வூதியத்தோடு கூடக் கொஞ்சம் வந்து விழுந்ததை, யார்டில் ஏதோ நிலுவையைத் தீர்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

வருஷாந்தரச் சோதனைக்கு வீட்டுப் பராமரிப்பு மேற்பார்வையாளர் அம்மா வந்தார். கெட்டவர் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், அக்காவின் முதுகைத் திருப்பிப் பார்த்து ஒரு புண்கூட இல்லையே என்று ஆச்சரியப்பட்டார், பதினோரு எட்டையும் எண்ணினார். பிறகு கையிலிருந்த கணினிப் பலகையில் எதையோ தட்டியவர், அத்தானை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லையே என்றார் இவர். அப்போதுதான் அந்த உறையைப் பிரித்தார்கள்.

பதிவில் இயலாதவர் என்று இருப்பவரை ஒரு நோயாளிக்குப் பொறுப்பாளராக வைக்க முடியாது. சட்டம் அப்படி. என் கண்ணால் பார்க்கிறேன், நீங்கள் என்னைவிட நன்றாக இருக்கிறீர்கள், ஆனால் நான் கண்ணால் பார்த்ததை எழுத இதில் இடம் இல்லை என்று அந்த அம்மா சொன்னார். பதினைந்து நாள் தவணை கொடுத்தார். அதற்குள் வேறு ஆளைக் காட்டலாம்.

நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று போனேன். நாள் முழுக்க வீட்டில் இருப்பீர்களா என்று கேட்டார்கள். கடை இருக்கிறது என்றேன். சரி, கடையை மூடிவிடுவீர்களா என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரியும் வேலைக்குப் போகிறவள், ரெண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூடியிருக்கலாம். ஆறு மாதம் மூடினால் செத்தா போயிருப்பேன்? மூடவில்லை. இதை எழுதும்போது எனக்கு அது மட்டும் தனியாகத் தெரிகிறது.

பதினாறாவது நாள் காலையில் வண்டி வந்தது. ரெண்டு ஆள், ஒரு துணித் தூக்கு, அந்த அம்மா. அத்தான் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“முடியாது,” என்றார்.

அந்த அம்மா கெஞ்சுவதுபோலச் சொன்னார். இன்றைக்கு நாங்கள் திரும்பிப் போனால் நாளைக்கு போலீஸோடு வர வேண்டியிருக்கும், இழுபறியில் தூக்கினால் அவங்கதான் பயந்து போவாங்க, நீங்களே யோசிச்சுப் பாருங்க. சுமையைச் சுற்றி ஆட்கள் மல்லுக்கட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? கையை அவிழ்த்தார். வழிவிட்டார். பின்னாலேயே போய், ஒரு சாண் எடுத்து நிறுத்துங்கப்பா, அவ சொன்னதுக்கப்புறம் நகர்த்துங்கப்பா என்று சொல்லிக்கொடுத்தார். அந்த ஆட்கள் தலையை ஆட்டிவிட்டு ஒரே வீச்சில் தூக்கிக்கொண்டு போனார்கள். படி இறங்கும்வரைக்கும் அக்கா கத்தினாள், ஒரே வார்த்தையை. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் முடியாது என்று சொன்ன பிறகு ஒரு சுமை தரையை விட்டுக் கிளம்பியது அன்றைக்குத்தான்.

மறுநாளே உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனோம். நானும் கூடப் போனேன். நாலாவது மாடி, வரிசை, டோக்கன். முறை வந்ததும் அத்தான் அட்டையை வைத்து, எனக்கு இது வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன் என்றார். கவுண்டரில் இருந்தவர் இளவயதுக்காரர். நீங்கள்தானே விண்ணப்பித்தீர்கள் என்றார். இல்லை என்றதும் காதில் வைத்துக் கேட்கும் கருவியை இவரிடம் நீட்டி, பதிவைப் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். அத்தான் குரல், நடுவில் நான் சிரிக்கிற சத்தம், அக்காவின் அதான்.

“பாருங்க ஐயா, நீங்களேதான முடியாது முடியாதுன்னு நாலு தடவை சொல்லியிருக்கீங்க.”

“அது இந்த முடியாது இல்ல தம்பி.”

“பின்ன?”

“அது வேற முடியாது. மாட்டேங்கிற முடியாது.”

அந்த ஆள் பக்கத்துக் கவுண்டர்க்காரரைப் பார்த்தார். ரெண்டு முடியாது இருக்கிறதாம் சார் என்றார். அவர்கள் சிரித்தார்கள். கிண்டலாகக்கூட இல்லை, சும்மா சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். வேறே ஒரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அத்தான் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், கூண்டில் கைப்பிடியைப் பிடித்திருப்பதுபோல.

தனக்கு முடியவில்லை என்று எழுதிக் கொடுக்கப் படிவம் உண்டு. முடிகிறது என்று எழுதிக் கொடுக்கப் படிவம் கிடையாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம். கடைசியில் அதே படிவத்தை எடுத்து, தலைப்பை அடித்து, கையால் ‘நீக்கக் கோரி’ என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மருத்துவக் குழு பார்த்தால்தான் நீக்க முடியும். முடியாதவர்களை முதலில் பார்க்க வேண்டும் என்பது முறை. நன்றாக இருப்பவர் காத்திருக்கலாமே என்றார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். சீக்கிரம் வேண்டும் என்று எத்தனையோ தடவை போய் நின்றார். அந்த உதவி மையத்துக்கும் போன் பண்ணினோம். அவர்கள் வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். புதியவர்கள் அத்தானுக்கு வாழ்த்துச் சொல்லி, வேறு ஏதாவது சலுகை வேண்டுமா என்று கேட்டார்கள்.

இல்லம் ஊருக்கு வெளியே. ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரைக்கும்தான் பார்க்க விடுவார்கள். அத்தான் ஒரு நாள் தவறவில்லை. முதல் நாள் போனவுடனே, சரிந்து கிடந்தவளை நிமிர்த்தி உட்கார வைக்க முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்திருக்கிறார். அங்கே வேலை செய்யும் பெண் ஓடி வந்து தடுத்தாள்.

“ஐயா, உங்க பேரு இயலாதவங்க லிஸ்ட்ல இருக்கு. நீங்க தூக்கக் கூடாது. ஏதாவது ஆச்சுன்னா என் வேலை போயிரும்.”

அதற்கப்புறம் அவர் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, ரெண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன். கையை வெளியே எடுத்தால் அது தானாக அவள் பக்கம் போய்விடுமாம்.

அந்தப் பெண்களையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்திரண்டு கட்டிலுக்கு ரெண்டு பேர். வேர்த்து வேர்த்து ஓடுவார்கள். தினம் ஒரு தடவையாவது நிற்க வையுங்கள், பதினோரு எட்டு நடப்பாள் என்று அத்தான் சொன்னார். இங்க நிக்க வைக்க ஆள் இல்லைங்க ஐயா, படுக்க வைக்கத்தான் ஆள் என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு அவளுக்கே கண் கலங்கியது. ஆனாலும் போய்விட்டாள். அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள்.

முதல் மாதம் அக்கா அவரைப் பார்த்ததும் இடது கையால் சட்டையைப் பிடித்து இழுப்பாள். ஐந்து மணிக்கு விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது மாதம் பிடிப்பாள், இழுக்கமாட்டாள். முன்பெல்லாம் எனக்கு ஒன்றும் புரியாத அந்த ஒரே வார்த்தை, மூன்றாவது மாதம் கேட்கவே இல்லை. அத்தான் பேசிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், அவள் தைத்துக் கெடுத்த ஒரு கால்சட்டைக் கதையைச் சொல்லிக் கேலி பண்ணிப் பார்த்தார். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். முதுகில் புண் வந்தது. ஒருநாள் பஸ்ஸில் திரும்பும்போது அவர் என்னிடம் சொன்னார்:

“அன்னைக்குப் போன்ல பேசுன பொண்ணுகிட்ட ஒரே ஒரு வார்த்தை, எம் பொண்டாட்டிக்கு முடியலம்மான்னு சொல்லியிருந்தா போதும் மாப்ள. வாயில வரல.”

நான் டிக்கெட்டை மடித்து மடித்து விரித்தேன்.

மருத்துவக் குழு ஒருவழியாகக் கூப்பிட்டது. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். உட்கார்ந்து எழச் சொன்னார்கள், இருபது தடவை எழுந்தார், போதும் போதும் என்று அவர்கள் நிறுத்த வேண்டியிருந்தது. மூலையில் இருந்த எடைப் பெட்டியைத் தூக்கி மேசையில் வைக்கச் சொன்னார்கள். ஒரு சாண் தூக்கினார், நிறுத்தினார், பார்த்தார், பிறகு கொண்டுபோய் வைத்தார். ஏன் நடுவில் நின்றீர்கள், வலிக்கிறதா என்று டாக்டர் பேனாவை எடுத்தார். இல்லை, இல்லை என்று பதறிப்போய், கிரேன் வேலையை, கம்பி வடத்தை, எட்டு புரியை எல்லாம் விளக்கமாகச் சொன்னார். வாழ்நாளில் சொல்லாத காரணத்தையெல்லாம் அந்த அறையில் கொட்டினார். டாக்டருக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. கோப்பைப் புரட்டிவிட்டு, இவ்வளவு நல்லா இருக்கிற ஆளை யாருய்யா இதில் சேர்த்தது என்று கேட்டார்.

“என் வாய்ங்க,” என்றார் அத்தான்.

பெயரை நீக்கினார்கள். வந்த உதவித்தொகை முழுக்க அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே திருப்பிக் கட்டினார். இல்லத்திலிருந்து அக்காவை விடுவிக்க இன்னும் நாற்பது நாள் ஆயிற்று. எல்லாம் சேர்த்து ஏழு மாதத்துக்குக் கொஞ்சம் கூட.

கூட்டி வந்த அன்றைக்கு நான் கடையை மூடிவிட்டேன். அத்தான் வீட்டைக் கழுவி, கட்டிலைச் சன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தார். வண்டிக்காரர்களைத் தொடவிடவில்லை. தானே ஒரு சாண் எடுத்து நிறுத்தினார். காத்திருந்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே படியேறினார். அவள் எடை பாதியாகியிருந்தது, அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

ரெண்டு நாள் கழித்து, கழற்றியது கழற்றியபடியே கிடந்த அடுப்படி விசிறியை மாட்டிவிட்டு வரலாம் என்று காலையில் போனேன். அத்தான் உடை மாற்ற வெந்நீரும் துணியுமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு, இடது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினாள். யாரும் தூக்கச் சொல்லவில்லை. இல்லத்தில் உடை மாற்ற வரும்போது ‘கை’ என்பார்களாம். தூக்கினால் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

“இந்தா, நான்தான்,” என்றார். கை இறங்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பிடித்து மெல்ல இறக்கிப் போர்வையில் வைத்தார். விட்டதும் மறுபடி தூக்கினாள். மறுபடி இறக்கினார். நான் விசிறியை மாட்டாமலே வந்துவிட்டேன்.

அது நடந்து ஒரு வருஷமாகப் போகிறது. புண் ஆறிவிட்டது. உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது. நிற்பதில்லை, நடப்பதில்லை. காலையில் அத்தான் சன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டிலுக்கு எதிரே கையை நீட்டி நிற்பார். நானே ரெண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், எவ்வளவு நேரம் நிற்பார் என்று பார்த்ததில்லை. நேற்றுப் போயிருந்தேன். மழை சாரல் அடித்தது, சன்னலைச் சாத்தக் கட்டிலைத் தாண்டினேன். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு எனக்கும் கையைத் தூக்கினாள். அத்தான் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து, தம்பிதான்டி, உன் தம்பி, என்று சொல்லிக்கொண்டே அதை இறக்கி வைத்தார்.